பிரபுவின் மாளிகையும் ரசிகர்களின் யூகங்களும்

(வாசகசாலை மாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைத் தலைவரவர்கள் அறிவித்தவுடன் உங்களில் பலர் சிரித்தீர்கள். சிரித்தது நியாயமே. ஒரு சீமை நாடகத்தைப் பற்றியும், அதைப் பார்த்துவிட்டுச் சீமையாரும் அமெரிக்கரும் அடித்துக்கொண்ட சண்டைகளைப் பற்றியும் நமக்கென்ன என்றுதான் நாமும் முதலில் நினைத்தோம். நமது இங்கிலீஷ் ஞானமோ எட்டாம் வகுப்போடு நின்றுபோய், பிறகு பழைய பத்திரிகைகளையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு ஒட்டுப்போட்டதாகும். ஆனால் நமது சிநேகிதர் வீட்டில் ஓர் இரவு அந்த நாடகத்தின் முதல் பாகத்தைப் பார்க்க நேர்ந்தது. பிறகு விட முடியவில்லை. நாடகத்தைவிட, அதைப்பற்றி ஜனங்கள் செய்த வாதங்களே நமக்கு அதிக ருசியாயிருந்தன. ஏனெனில் மனிதன் எப்படி நம்புகிறான், எப்படிச் சந்தேகிக்கிறான், எந்த இடத்தில் சந்தேகிக்க மறந்துபோகிறான் என்பது அந்த வாதங்களில் பட்டவர்த்தனமாய்த் தெரிகின்றது.

நாடகத்தின் பெயர் 'டௌன்டன் அபே' என்பது. எழுதியவர் ஜூலியன் ஃபெல்லோஸ் என்பவர். 2010 ஆம் வருஷம் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஐ.டி.வி. என்னும் டெலிவிஷனில் ஆரம்பித்து, 2015 ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று முடிவுற்றது. 52 பாகங்கள். அதன் பிறகும் ஜனங்கள் விடாததனால் 2019 இலும் 2022 இலும் 2025 இலும் சினிமாவாகவும் வந்தது. கதை நடப்பது 1912 முதல் 1926 வரை, யார்க்ஷயரில் ஒரு பிரபுவின் மாளிகையில். மேல்மாடியில் பிரபு, அவர் மனைவி, மூன்று பெண்கள், கிழத் தாயார். கீழே சமையற்கட்டிலும் வேலைக்காரர் கூடத்திலும் ஒரு பெரும் பட்டாளம். வாராவாரம் கோடிப் பேர் அளவில் இங்கிலாந்தில் மட்டும் பார்த்தார்கள்.

கதையின் முதல் நாளே டைட்டானிக் கப்பல் மூழ்கிவிடுகிறது. பிரபுவுக்கு வாரிசாக இருந்த ஒன்றுவிட்ட சகோதரரும் அவர் மகன் பேட்ரிக்கும் அதில் போய்விட்டார்கள். பிரபுவுக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொத்து கிடையாதா என்றால், கிடையாது. ஆண் வாரிசுக்குத்தான் போகவேண்டுமென்று கட்டிவைத்திருக்கிறார்கள். பிரபு கலியாணம் செய்து கொண்டுவந்த அமெரிக்கச் சீமாட்டியின் பணமும் அந்தக் கட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. ஆகவே யாரும் முகம் பார்த்தறியாத மேத்யூ என்ற தூர உறவு வக்கீல் ஒருவர் மான்செஸ்டரிலிருந்து வந்து எல்லாவற்றுக்கும் சொந்தக்காரராக ஆகவேண்டியதாகிறது.

இனி ரசிகர்களின் யூகங்களுக்கு வருவோம். முதலில் நாயின் கதை. அது வேடிக்கையானது, சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம்.

பிரபுவிடம் ஒரு பெட்டை நாய் உண்டு. அதன் பெயர் ஐசிஸ், எகிப்தியரின் பழைய பெண் தெய்வத்தின் பெயர். 2011 இல் ஒளிபரப்பான பாகங்களிலேயே அந்த நாய் அந்தப் பெயரோடு உலாவிற்று. 2014 ஜூனில் அதே பெயரால் பத்திரிகைகள் அழைத்த ஓர் ஆயுதக் கூட்டம் மோசூல் நகரைப் பிடித்து உலகத்தையே திடுக்கிடச் செய்தது. அவ்வருஷக் கடைசியில் வந்த பாகங்களில் நாய் நோயுற்றுச் செத்தது. உடனே புறப்பட்டது யூகம்! பெயர் கெட்டுப்போனதனால்தான் நாயைக் கொன்றுவிட்டார்கள் என்று பல்லாயிரம் பேர் நம்பினார்கள், பத்திரிகைகளும் எழுதின. பிரபுவாக நடித்த ஹியூ பானவில் என்பவர் கடைசியில் பொறுமையிழந்து, 1912 இல் இருந்தது பாரோ என்ற வேறு நாய், இந்த நாய் வந்தது சுமார் 1916 இல், கதையில் இப்போது 1924, உலகச் செய்திக்காக இதைச் செய்தோம் என்று நம்புகிறவன் சுத்த மடையன் என்று பொருள்படச் சொல்லிவிட்டார். எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய் நோயில் சாவதற்குக் காரணம் தேட உலக அரசியலுக்கா போகவேண்டும்? இது நடந்தபின் அது நடந்தது, ஆகவே இதனால் அது நடந்தது என்னும் பழைய நோய்தானே இது!

இதிலே இன்னொரு விசேஷம். இந்த நாடகத்தின் மாளிகையாகக் காட்டப்படுவது ஹாம்ப்ஷயரிலுள்ள ஹைகிளியர் என்னும் மெய்யான மாளிகை. (சமையற்கட்டும் வேலைக்காரர் அறைகளும் மட்டும் லண்டன் ஈலிங்கில் போட்ட செட்டுகள்.) அதன் சொந்தக்காரர்கள் கார்நார்வன் பிரபுக்கள். 1922 இல் எகிப்தில் துத்தன்காமன் என்னும் ராஜாவின் சமாதியை ஹவார்டு கார்ட்டர் கண்டுபிடித்தாரே, அதற்குப் பணம் போட்டவர் ஐந்தாவது கார்நார்வன் பிரபு. அவர் 1923 ஏப்ரல் 5 ஆம் தேதி கெய்ரோவில் இறந்துபோனார். கொசுக்கடி புண்ணாகி, இரத்தம் விஷமாகி, சளிஜுரம் கண்டு இறந்தார். உடனே 'ராஜாவின் சாபம்' என்று உலகமெல்லாம் கூச்சலிட்டார்கள். அவர் இறந்த அதே நேரத்தில் ஹைகிளியரில் அவருடைய நாயும் ஊளையிட்டுச் செத்தது என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். ஆனால் சமாதியைத் தோண்டித் திறந்து உள்ளே வருஷக்கணக்காய் வேலை செய்த கார்ட்டர் 1939 வரையில் உயிரோடிருந்தார். சாபத்துக்குப் பணம் போட்டவனைத்தான் தெரியும், தோண்டினவனைத் தெரியாது போலும்! ஆக, அந்த வீட்டில் 1923 இலும் ஒரு நாயை வைத்துக் கதை கட்டினார்கள், 2014 இலும் ஒரு நாயை வைத்துக் கதை கட்டினார்கள்.

அடுத்தது விதியைப் பற்றியது. 2012 கிறிஸ்துமஸ் இரவு, பண்டிகைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாய் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணெதிரே, அந்த மேத்யூ, தமக்கு ஆண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு மோட்டாரில் திரும்பி வருகையில் விபத்தில் இறந்துபோனார். அழுகையும் ஆத்திரமும் சொல்லி முடியாது. இவ்வளவு சந்தோஷத்தைத் தெய்வம் பொறுக்கவில்லை என்றனர் சிலர். வாரிசு பிறந்ததும் தகப்பன் போகவேண்டுமென்பது அந்த வீட்டின் தலையெழுத்து என்றனர் சிலர். போன பாகங்களிலேயே அதற்கு இன்னின்ன சகுனங்கள் காட்டப்பட்டிருந்தன என்று பொறுக்கியெடுத்துக் காட்டினவர்களும் உண்டு. உண்மை என்ன? அந்த வேஷம் போட்ட டான் ஸ்டீவன்ஸ் என்பவர் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தார், அது தீர்ந்தது, வேறு வேலைக்குப் போக விரும்பினார். வேலைக்காரன் வேஷமானால் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். வீட்டு மருமகன், மனைவி மக்களை விட்டு எங்கே போவான்? ஆகவே சாவதைத் தவிர வழியில்லை என்று எழுதியவரே விளக்கம் சொன்னார். தோழர்களே, விதி என்பது அங்கே ஒரு ஒப்பந்தப் பத்திரமாக இருந்தது. சகுனங்களோ, முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்தவர்களின் கண்ணில் முளைத்தவை.

அமெரிக்காவில் இதே பாகம் 2013 பிப்ரவரியில்தான் காட்டப்பட்டது. அதுவரை அந்நாட்டு ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தது தனிக் கதை. அதை விட்டுவிடுகிறோம்.

இவ்வளவும் ரசிகர்களைக் கேலி செய்வதாகத் தோன்றலாம். அப்படியல்ல. அவர்கள் மிக நன்றாக யோசித்த இடங்களும் உண்டு. அதில் ஒன்று டைட்டானிக்கில் மாண்ட பேட்ரிக் திரும்பி வந்த கதை. 2011 இல் வந்த பாகங்களில் மாளிகை, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருக்கிறது. (இது கற்பனை மட்டுமல்ல, மெய்யான ஹைகிளியரையும் சண்டைக் காலத்தில் கார்நார்வன் சீமாட்டி ஆல்மினா ஆஸ்பத்திரியாக்கினார்.) அங்கே முகமெல்லாம் வெந்து கட்டுப்போட்ட கனடா தேசத்து ஆபீசர் ஒருவர் வந்து, "நான்தான் பேட்ரிக், கப்பலிலிருந்து பிழைத்தேன், ஞாபகம் தப்பியிருந்தது" என்கிறார். வீட்டின் பழைய ரகசியங்களைச் சொல்லுகிறார். இரண்டாவது பெண் ஈடித் நம்புகிறாள். வீட்டு வக்கீல் விசாரித்ததில், பேட்ரிக்கோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த பீட்டர் கார்டன் என்பவன் கனடாவுக்குக் குடியேறினான் என்று தெரிகின்றது. ஆபீசர் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார். கதையும் அவரைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருஷக்கணக்கில் வாதித்தார்கள். ரகசியம் தெரிந்திருக்கிறதே என்று ஒரு கட்சி. கூட வேலை பார்த்தவனுக்கு அந்த ரகசியங்களைப் பேட்ரிக்கே சொல்லியிருக்கலாமே என்று மறு கட்சி. பொய்யனென்றால் வக்கீலின் செய்தி வந்ததும் ஏன் ஓடினான்? மெய்யனாயிருந்தும் நிரூபிக்க வழியில்லாதவனும் ஓடத்தானே செய்வான்? பாருங்கள், எவ்வளவு அழகான விசாரணை! சாட்சியமென்றால் என்ன, ஒரு செய்திக்கு இரண்டு விளக்கம் பொருந்தினால் எதை ஏற்பது என்பதையெல்லாம் தையற்காரரும் பஸ் டிரைவரும் பள்ளிக்கூட உபாத்தியாயினியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

இதற்குச் சமமான மெய்யான வழக்கே அந்நாட்டில் நடந்திருக்கிறது. ரோஜர் டிச்போர்ன் என்ற சீமான் வீட்டுப் பிள்ளை 1854 இல் கப்பலோடு கடலில் போனான். தாயார் நம்பாமல் பத்திரிகைகளில் விளம்பரம் செய்துகொண்டேயிருந்தாள். ஆஸ்திரேலியாவில் கசாப்புக்கடை வைத்திருந்த ஒருவன் 'நானே ரோஜர்' என்று வந்தான். தாயார் பார்த்தாள், தன் மகனென்றே ஏற்றுக்கொண்டாள். மகனோ பிரெஞ்சு பாஷையிலே வளர்ந்தவன். வந்தவனுக்கோ பிரெஞ்சு வராது! ஆயினும் தாய் நம்பினாள். ஜனங்களில் ஏழை எளியவர்கள் பெருந்திரளாய் அவன் பக்கம் நின்றார்கள். கடைசியில் 1874 இல் அவனுக்கு 14 வருஷத் தண்டனை கிடைத்தது. பெற்ற தாயின் நம்பிக்கையே சாட்சியாகாது என்று ஒரு கோர்ட் சொல்லவேண்டியதாயிற்று. ஈடித்தின் நம்பிக்கையை எப்படி மதிப்பது என்று வாதித்தவர்கள் இதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

இதைக் காட்டிலும் நமது மனதைப் பிடித்தது ஒரு ரயில் டிக்கட்டின் சங்கதி. அன்னா என்ற பணிப்பெண்ணை, விருந்தாளிப் பிரபு ஒருவரோடு வந்த கிரீன் என்ற வேலைக்காரன் பலாத்காரம் செய்துவிடுகிறான். 2013 அக்டோபரில் இது காட்டப்பட்டபோது ஞாயிற்றுக்கிழமை இரவில் இப்படியா என்று ஏராளமான புகார்கள் போயின. அதைப்பற்றி நமது அபிப்பிராயம், மேல்மாடிச் சீமாட்டிகளின் நகையையும் உடையையும் மட்டும் பார்க்க வந்தவர்களுக்குக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நேரக்கூடியதும் தெரியட்டும் என்பதே. அது கிடக்கட்டும். பிறகு அந்தக் கிரீன் லண்டன் பிக்கடில்லியில் பஸ்ஸின்கீழ் விழுந்து சாகிறான். அன்னாவின் புருஷன் பேட்ஸ் அன்றைக்கு ஊரில் இல்லை. யார்க் நகருக்குப் போனதாகச் சொன்னான். பிறகு அவனுடைய பழைய மேல்சட்டையில் யார்க்கிலிருந்து லண்டனுக்கு வாங்கிய டிக்கட் அகப்படுகிறது. பேட்ஸோ ஏற்கனவே முதல் மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னால் குற்றமற்றவனென்று வெளிவந்தவன். இனி என்ன வேண்டும்? ரசிகர்களில் பெரும்பாலோர் அவனே தள்ளினான் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். தள்ளினது நல்லதுதான் என்று பாராட்டினவர்களும் குறைவல்ல. நாடகத்திலேயே பிரபுவின் மூத்த மகள் மேரி, அவனிடத்தில் உள்ள நன்றியினால் அந்த டிக்கட்டை நெருப்பிலே போட்டுவிடுகிறாள்.

ஒரு வருஷம் கழித்து 2014 இல் பேட்ஸ் சொல்லுகிறான்: கொல்லவேண்டுமென்று டிக்கட் வாங்கியது மெய், ஆனால் நாம் தூக்குமேடை ஏறினால் மனைவியின் கதி என்னவென்று யோசித்துப் போகாமலிருந்துவிட்டேன். போயிருந்தால் டிக்கட்டைக் கிழித்து ஒரு பாதியை ரயில்காரன் வாங்கிக்கொண்டிருப்பான். கிழிபடாத முழு டிக்கட்டே நான் போகவில்லை என்பதற்குச் சாட்சி! அந்தச் சாட்சியைத்தான் அவனுக்கு நன்மை செய்வதாக நினைத்து எரித்துவிட்டார்கள். பின்பு போலீஸார் அன்னாவைக் கைது செய்ய, அவளைக் காப்பாற்ற இவன் பொய்யாய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ள, கடைசியாய் 2015 இல், அந்தக் கிரீனால் கெடுக்கப்பட்ட வேறொரு பெண் தானே செய்ததாக ஒப்புக்கொள்கிறாள்.

கோடிப் பேர் அந்த டிக்கட்டைத் திரையில் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம். அது கிழிந்திருக்கிறதா என்று நாம் பார்க்கவில்லை. வெட்கத்தோடு சொல்லுகிறோம், நாமும் அவன்தான் கொலைகாரன் என்று சிநேகிதரிடம் ஒரு தேநீர்ப் பந்தயம் கட்டித் தோற்றோம். 'எதையும் கேள், ஆராய்' என்று ஊர் ஊராய்ப் பேசித் திரிகிற நமக்கே ஒரு துண்டு அட்டையை நேராகப் பார்க்கத் தெரியவில்லை!

இனிச் சிபிலின் மரணம். இது 2012 அக்டோபரில் வந்தது. பிரபுவின் கடைசிப் பெண் சிபில், வீட்டு மோட்டார் டிரைவரான ஐரிஷ்காரர் டாம் பிரான்ஸனைக் கலியாணம் செய்துகொண்டவள். பிரசவ காலத்தில் கால் வீங்குகிறது, பேச்சுத் தடுமாறுகிறது. சிறு வயதிலிருந்து அவளைப் பார்த்துவந்த உள்ளூர் டாக்டர் கிளார்க்ஸன், சிறுநீரைச் சோதித்து, இது பிரசவ ஜன்னிக்கு அடையாளம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துவிடவேண்டும் என்கிறார். லண்டனிலிருந்து வந்திறங்கிய 'சர்' பட்டம் பெற்ற நிபுணரோ, ஒன்றுமில்லை என்று கையை விசிறுகிறார். பிரபு பட்டத்தின் பக்கம் நிற்கிறார். குழந்தை பிறக்கிறது; எல்லோரும் தூங்கப்போனபின் ஜன்னி கண்டு பெண் இறந்துபோகிறாள். பட்டத்தையும் படாடோபத்தையும் பார்த்து மகளைக் கொன்றாயே என்ற கருத்தில் தாய் புருஷனைக் கேட்கிறாள்.

இந்த இடத்தில் அழாதவர்கள் இல்லை. அந்த நோய் இன்னும் உலகத்தில் தாய்மார்களைக் கொன்றுகொண்டுதான் இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்ப்பதும், சிறுநீர் சோதிப்பதும், மக்னீசியம் சல்பேட்டு மருந்தும் அதைத் தடுக்கும் என்பது இன்று தெரியும். கால் வீக்கமும் தலைவலியும் அடையாளமாயிருக்கலாமென்று இந்தக் காட்சியின் பேரால் அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நூறு பிரசங்கத்தினால் ஆகாத காரியம் இது.

ஆனால் ரசிகர்களின் பெரிய சண்டை அதற்குப்பின் வந்தது. தாயும் தகப்பனும் பேச்சில்லாமல் இருப்பதைச் சகிக்காத கிழப் பாட்டியார், டாக்டர் கிளார்க்ஸனைக் கூப்பிட்டு, அந்த வைத்தியம் செய்திருந்தாலும் பிழைப்பது அரிது என்று சொல்லும்படி நெருக்குகிறார். டாக்டர் வந்து, பிழைத்திருக்கும் சாத்தியம் மிக மிகச் சொற்பம் என்று சொல்ல, இருவரும் கட்டியழுது சமாதானமாகிறார்கள். அவர் சொன்னது பொய்யா, மெய்யா? நாடகம் தெளிவாய்ச் சொல்லவில்லை. 1920 இல் அந்த நோயில் வயிற்றைக் கீறினால் பிழைப்பது உறுதியில்லை, ஆகவே மெய்தான் என்றனர் ஒரு சாரார். பொய்தான், ஆனால் புண்ணியப் பொய் என்றனர் மற்றொரு சாரார். இருவரைப் பிரிக்கும் உண்மையைவிட இருவரைச் சேர்க்கும் பொய் மேலல்லவா என்று கேட்டார்கள்.

நம்மிடமும் அந்தச் சிநேகிதர் வீட்டு அம்மையார் இதையே கேட்டார். நமக்கு உடனே பதில் வரவில்லை. அந்த அம்மையார் பிள்ளையைப் பறிகொடுத்தவர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வர நமக்கு மனமில்லை. மூன்று நாள் யோசித்துப் பிறகு போய்ச் சொன்னோம்: "அம்மா, துக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பொய் ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அடுத்த வருஷம் கால் வீங்கிய இன்னொரு பெண் பிரசவத்துக்குப் படுப்பாளே, அவளுக்கு அந்தப் பொய் என்ன செய்யும்? அறுத்தாலும் பிழைக்கமாட்டாள் என்று அந்த டாக்டர் வாயாலேயே சொல்லியாயிற்றே. 'சர்' பட்டக்காரரும் தப்பித்துக்கொண்டாரே." அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டார்களா இல்லையா என்பது நமக்கு இன்றும் தெரியாது.

இனி நாம் வருத்தப்படும் ஒரு விஷயம். டிக்கட்டையும் நாயையும் தூண்டித் துருவினவர்கள், சுவரில் தொலைக்காட்சி ஏரியல் தெரிகிறது, ரோட்டில் இந்தக் காலத்து மஞ்சள் கோடு தெரிகிறது, 2014 இல் வெளியிட்ட படத்தில் கணப்படுப்பின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள், அந்த வீட்டின் அஸ்திவாரத்தை ஏன் அப்படிப் பார்க்கவில்லை? பெண்ணுக்குச் சொத்தில்லையே என்று கேட்டார்கள்; அது சரி. 1833 வருஷத்துச் சட்டப்படி இத்தகைய கட்டுகளை உடைக்கலாமே என்றுகூடச் சட்டம் தெரிந்தவர்கள் வாதித்தார்கள். ஆனால் மேரிக்குக் கிடைத்தால் மட்டும் நியாயமாகிவிடுமா? அவளுக்குத் தினந்தோறும் தலைவாரி உடுத்திவிடும் அன்னாவுக்கு என்ன கிடைக்கும்? 1911 ஆம் வருஷக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரிகள். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு ஹைகிளியர் மாளிகையைச் சுற்றிப் பார்க்கிறவர்களில் அநேகருடைய கொள்ளுப்பாட்டிமார் அந்த மாதிரி வீடுகளின் பின்வாசல் வழியாக நுழைந்தவர்களே. ஆனால் கொள்ளுப்பேத்திகளோ 'நான் மேரியைப்போல் உடுத்துவேன்' என்கிறார்கள்.

நல்ல எஜமானல்லவா, சமையற்காரி பேட்மோர் அம்மாளுக்குக் கண் மங்கியபோது லண்டனுக்கு அனுப்பி வைத்தியம் செய்வித்தாரே என்கிறார்கள். செய்வித்தார். செய்விக்காமலிருந்தால் அவள் யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்?

எழுதியவர் கதையும் இதுவே. ஃபெல்லோஸ் அவர்களின் மனைவியார் கிச்சனர் பிரபுவின் வம்சத்தவர். இந்தியாவில் சேனாதிபதியாயிருந்தாரே, அதே கிச்சனர்தான். 2011 டிசம்பரில் மூன்றாவது கிச்சனர் பிரபு ஆண் வாரிசின்றி இறந்தார், பட்டமும் அவரோடு அற்றுப்போயிற்று. பெண்ணென்பதற்காக என் மனைவிக்கு அப்பட்டம் வரக்கூடாதென்பது அக்கிரமம் என்று ஃபெல்லோஸ் வெளிப்படையாகவே கண்டித்தார். அக்கிரமந்தான், சந்தேகமில்லை. 2013 இல் அந்நாட்டுக் கிரீடத்துக்கு ஆண் பெண் வித்தியாசத்தை நீக்கிச் சட்டம் செய்தார்கள். பிரபுப் பட்டங்களுக்கு அச்சட்டம் எட்டவில்லை. ஆனால் ஒருவனுக்குக் கொடுத்த பட்டம், நூறு வருஷம் கழித்து அவன் அண்ணன் வம்சத்தில் ஆணுக்குப் போவதா பெண்ணுக்குப் போவதா என்று கேட்கிறவர், யாருக்காவது ஏன் போகவேண்டும் என்று கேட்கவில்லையே! தாமே 2011 இல் ஆயுட்காலப் பிரபுவாகி மேல்சபையில் உட்கார்ந்துகொண்டார். 1999 இல் அச்சபையிலிருந்து பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோதும் 92 பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். பல்லைப் பிடுங்கும்போது ஒரு துண்டை ஈற்றிலேயே விட்டுவைத்த வைத்தியன் மாதிரி!

இந்த நாடகத்தைப் பார்க்கவேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. கீழே எழுத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் பார்க்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கிழப் பாட்டியாராக மேகி ஸ்மித் அம்மையார் நடித்ததை எத்தனை தடவையும் பார்க்கலாம். நாம் இரண்டாந்தடவையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்த டிக்கட் வருகிற இடம் இன்னும் வரவில்லை.

மணி ஒன்பதாகிவிட்டது, பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். தோழர்களுக்குச் சந்தேகமிருந்தால் எழுதியனுப்பலாம், தலைவரவர்கள் வாசிப்பார்கள். நாயைப் பற்றி மட்டும் கேட்கவேண்டாம்.